கண்ணாடியில் உறைபனி: மலையேறும் காருக்குக் காலைநேர வேலை

தேவாரத்தில் கார் வைத்திருப்பவரிடம் உறைபனி பற்றிப் பேசினால் சிரிப்பார். மார்கழி விடியலில்கூட இங்கே கண்ணாடியில் நீர்த்துளிதான் நிற்கும். அது ஒருநாளும் உறைந்ததில்லை. ஆனால் நம் ஊர்க் கார் நம் ஊரிலேயே நிற்கிறதா? ராசிங்காபுரம், சிலமலை வழியாகப் போடி போய், முந்தலில் மலை ஏறி, போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் என்று மூணாறு வரை போகிறது. சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை வரும் என்று ஊர் காத்திருக்கும் வரை, பக்கத்து மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டத்துக்கும் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் போக வேண்டும். சபரிமலை சீசனில் குமுளிப் பாதை; பள்ளி விடுமுறையில் மேகமலை, கொடைக்கானல், ஊட்டி.

அடிவாரத்திலிருந்து போடிமெட்டுக்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வெப்பம் குறையும். ஏறும்போது கண்ணாடி ஆவி பிடிக்கும். மேலே ஓர் இரவு காரை வெட்டவெளியில் நிறுத்தினால், காலையில் அதே கண்ணாடி உறைந்து வெளுத்திருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மாற்றிச் செய்தால் கண்ணாடியில் கீறல் விழும், வைப்பர் கிழியும், சில நேரம் கண்ணாடியே விரிசல் விடும்.

இந்த அத்தியாயத்தின் சாரம் ஒரே வரி: என்ன படிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், பிறகு பதினைந்து நிமிடம் ஒதுக்கி, வரிசை மாறாமல் செய்யுங்கள்.

எது படிந்திருக்கிறது? விரல் சோதனை

கண்ணாடி மங்கலாகத் தெரிந்ததும் வைப்பரைத் தட்டாதீர்கள். முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள்.

1. உள்பக்கம் விரலால் கோடு இழுங்கள். கோடு தெளிவாக விழுந்து விரல் நனைந்தால் அது உள் ஆவி. மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்திருக்கிறது.
2. உள்ளே கோடு விழவில்லை, வெளியே தொட்டால் நனைகிறது என்றால் அது பனித்துளி அல்லது மூடுபனியின் ஈரம். வைப்பர் ஒரு தடவை ஓடினால் போதும்.
3. வெளியே தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது, விரல் சூட்டில்தான் மெல்லக் கரைகிறது என்றால் அது உறைபனி. வைப்பரைத் தொடாதீர்கள்.
4. உள்பக்கமும் சொரசொரப்பாக இருந்தால், இரவில் காருக்குள் இருந்த ஈரமே உறைந்திருக்கிறது. நனைந்த குடை, ஈரத்துணி, ஈர மிதியடி எதையாவது உள்ளே விட்டிருப்பீர்கள்.

எங்கே, எப்போது உறையும்?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் கவலை. மூணாறு பக்கம் செண்டுவாரை, சிட்டிவாரை, குண்டளைத் தோட்டங்கள், கொடைக்கானல் ஏரியை ஒட்டிய தாழ்வான இடங்கள், ஊட்டியில் தலைகுந்தா, காந்தல், தாவரவியல் பூங்காப் புல்வெளி ஆகியவை உறைபனிக்குப் பேர்போனவை.

மேகம் சூழ்ந்த இரவில் உறைபனி வராது. வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிவாக இருந்து, காற்றும் அசையாமல் இருந்தால் எதிர்பாருங்கள். அப்படிப்பட்ட இரவில் கண்ணாடி தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும்; சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிரும். அதனால் செல்போன் 3 டிகிரி என்று காட்டும்போதே கண்ணாடி உறைந்திருக்கும். "ஜீரோவுக்குப் போகலையே" என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

குளிர்ந்த காற்று கனமானது; பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரை, புல்வெளி, தேயிலைத் தோட்டத்தின் அடிப்பகுதி இவற்றில் முதலில் உறையும். சரிவின் நடுவில் இருக்கும் வீட்டுவாசல் தப்பிவிடும்.

முந்தின நாள் சாயங்காலம்: பாதி வேலை இங்கேயே முடியும்

1. கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். தகரக் கொட்டகையானாலும் போதும். வானத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஏதாவது மறைப்பு இருந்தாலே உறைபனி பெரும்பாலும் படியாது. மரத்தடியும் உதவும், காய்ந்த கிளை மேலே தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.
2. கூரை இல்லையென்றால் முன்கண்ணாடி கிழக்கு பார்க்க நிறுத்துங்கள். காலை வெயில் பாதி வேலையைச் செய்துவிடும்.
3. வைப்பர் சுவிட்சை அணைத்துவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். சுவிட்ச் போட்டபடியே விட்டால், காலையில் சாவி திருப்பியதும் உறைந்து ஒட்டியிருக்கும் வைப்பரை மோட்டார் இழுக்கும். ரப்பர் கிழியும், ஃபியூஸ் போகும்.
4. வைப்பர் கைகளைத் தூக்கி நிறுத்துங்கள். பானெட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் வகை வைப்பரை வலுக்கட்டாயமாகத் தூக்கக் கூடாது. கார்க் கையேட்டில் 'சர்வீஸ் நிலை' என்று ஒரு முறை சொல்லியிருப்பார்கள், அதன்படி தூக்குங்கள்.
5. கண்ணாடியை மூடுங்கள். பழைய போர்வை, அட்டைப்பெட்டியைப் பிரித்த அட்டை, வெயிலுக்கு வைக்கும் வெள்ளித் திரை எதுவும் ஆகும். ஓரங்களை முன்கதவுகளுக்குள் மடித்துக் கதவைச் சாத்தினால் காற்றில் பறக்காது. கோணிச்சாக்கை நேரடியாகப் போடாதீர்கள். சாக்கில் ஒட்டியிருக்கும் மண் கீறும். அடியில் பழைய வேட்டியை விரித்து மேலே சாக்கைப் போடலாம்.
6. மூடும் துணி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்துணி கண்ணாடியோடு சேர்ந்து உறைந்து ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளும் அப்படித்தான், காலையில் தாளைச் சுரண்டுவது தனி வேலையாகிவிடும்.
7. காருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியேற்றுங்கள். மிதியடியை உதறி, குடையையும் ஈரத்துண்டையும் அறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.
8. கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அல்லது கட்டை கொடுங்கள். சரிவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

காரில் இருக்க வேண்டிய பொருட்கள்

- பனி சுரண்டும் பிளாஸ்டிக் தகடு. நம் பக்கக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்காது. இணையக் கடையில் வாங்கலாம். இல்லையென்றால் காலாவதியான ஏடிஎம் அட்டை போதும். நம் மலைகளில் விழுவது மெல்லிய உறைபனிதான்.
- மைக்ரோஃபைபர் துணி மூன்று: வெளிப்பக்கத்துக்கு ஒன்று, உள்பக்கத்துக்கு ஒன்று, வைப்பர் ரப்பர் துடைக்க ஒன்று. கலந்துவிடாதிருக்க மூன்று நிறத்தில் வாங்குங்கள்.
- தெளிப்பான் பாட்டிலில் உறைபனி கரைக்கும் திரவம். செய்முறை கீழே இருக்கிறது.
- கையுறை. விரல் விறைத்தால் வேலையில் அவசரம் வரும். கீறல் அங்கேதான் தொடங்கும்.
- டார்ச் விளக்கு, ஒளிரும் முக்கோணப் பலகை.

உறைபனி கரைக்கும் திரவம்: வீட்டில் செய்யும் முறை

1. மருந்துக்கடையில் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள்.
2. அதில் இரண்டு பங்கு, சுத்தமான தண்ணீர் ஒரு பங்கு என்று தெளிப்பான் பாட்டிலில் கலந்துகொள்ளுங்கள்.
3. பாட்டில்மேல் 'விஷம், குடிக்காதே' என்று எழுதி ஒட்டுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

தண்ணீர் பூஜ்யத்தில் உறையும். இந்தக் கலவை நம் மலைகளின் எந்தக் குளிருக்கும் உறையாது. உறைந்த பனியையும் இளக்கிவிடும்.

எச்சரிக்கை: இது தீப்பற்றும். பீடி, சிகரெட், சூடமேற்றிய தட்டு பக்கத்தில் இருக்கும்போது தெளிக்காதீர்கள். காருக்குள்ளே தெளிக்காதீர்கள். மலையிலிருந்து இறங்கியதும் பாட்டிலை வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவைக்கும் பொருள் அல்ல இது.

கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசரைத் தடவலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுப்பாகப் படிந்து, எதிரே வரும் லாரி விளக்கில் கண்ணாடி முழுவதும் ஒளி சிதறும்.

உறைபனியை அகற்றும் வரிசை

1. கார் திறந்தவெளியில் நிற்கிறதா என்று பாருங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளைச் சாய்க்கும் வரை தெரியாது. குளிருக்குப் பயந்து குழந்தைகளை உள்ளே உட்காரவைத்து ஷெட்டில் ஹீட்டர் போடுவது உயிரோடு விளையாடுவது.

2. மூடியிருந்த துணியை மெதுவாக எடுங்கள். ஓரத்தில் ஒட்டியிருந்தால் இழுக்காமல் அந்த இடத்தில் திரவம் தெளித்து விடுவியுங்கள்.

3. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினைக் கிளப்புங்கள். காற்று முன்கண்ணாடிக்குப் போகும் பொத்தானைப் போடுங்கள். வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். சூட்டை ஒரேயடியாக உச்சத்துக்குத் திருகாமல் படிப்படியாகக் கூட்டுங்கள். எஞ்சின் சூடேறிய பிறகுதான் வெதுவெதுப்பான காற்று வரும். டீசல் வண்டியில் இன்னும் தாமதமாகும்.

4. பின்கண்ணாடியில் கம்பி டிஃபாகர் இருந்தால் போடுங்கள். அந்தக் கம்பிகள் உள்பக்கம் ஒட்டப்பட்டவை. உள்ளிருந்து எதைக்கொண்டும் சுரண்டாதீர்கள். ஒரு கம்பி அறுந்தால் அந்த வரி முழுவதும் வேலை செய்யாது.

5. முன்கண்ணாடியில் மேலிருந்து கீழாகத் திரவத்தைத் தெளியுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் கைகட்டி நில்லுங்கள். இந்தக் காத்திருப்பில்தான் பனி பிடியை விடும்.

6. இப்போது கண்ணாடியின் அடிப்பகுதியைப் பாருங்கள். டாஷ்போர்டின் காற்றுத் துளைகளுக்கு மேலே இரண்டு அரைவட்டமாகப் பனி கரைந்திருக்கும். அந்த விளிம்பிலிருந்து சுரண்டத் தொடங்குங்கள். வெள்ளைப் பனியின் நடுவில் அட்டையைக் குத்தாதீர்கள்.

7. அட்டையைச் சாய்வாகப் பிடித்து ஒரே திசையில் நீளமாகத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் பனியோடு கலந்திருக்கும் மண்துகள் கண்ணாடியைக் கீறும். ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு அட்டையின் விளிம்பைத் துணியில் துடையுங்கள்.

8. வைப்பரைத் தூக்காமல் விட்டிருந்தீர்களா? இழுத்துப் பிடுங்காதீர்கள். ரப்பர் நீளத்துக்கும் திரவம் தெளித்து, தானாக விடுபட்ட பிறகு தூக்கி ரப்பரைத் துடையுங்கள். விளிம்பில் ஒட்டிய பனித்துகளோடு ஓடவிட்டால் பார்வைக்கு நேராகக் கோடுகள் விழும்.

9. பக்கக் கண்ணாடிகள், இரு பக்கமும் உள்ள பின்பார்வைக் கண்ணாடிகள், முன் பின் விளக்குகள், நம்பர் பலகை, பின்பக்கக் கேமரா இவற்றையும் துடையுங்கள். கேமராவைச் சுரண்டக் கூடாது; திரவத்தில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். கதவுக் கண்ணாடி உறைந்து ஒட்டியிருக்கும்போது இறக்கும் பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருக்கும் இயந்திரம் கெடும். ஓரத்து ரப்பரில் தெளித்துவிட்டு இறக்குங்கள்.

10. வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் வண்டி நகர்ந்ததும் குளிர்காற்றுப் பட்டு மறுபடி உறையலாம்.

11. வைப்பரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வாஷர் தண்ணீரை இப்போதே பீய்ச்சாதீர்கள். கண்ணாடி இன்னும் சில்லென்றிருந்தால் பீய்ச்சிய நீர் விழுந்த இடத்திலேயே உறைந்து, நொடியில் பார்வையை மறைக்கும்.

12. செருப்பின் அடியைத் தட்டித் துடைத்துவிட்டு ஏறுங்கள். ஈரப்புல்லில் நின்ற செருப்பு பிரேக் மிதியில் வழுக்கும். உள்ளே ஈரத்தையும் கொண்டுவரும்.

கவனிக்க: ஓட்டுநர் கண்ணுக்கு நேராக ஒரு முறத்தளவு துடைத்துவிட்டுக் கிளம்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கொண்டை ஊசி வளைவில் நீங்கள் பார்க்க வேண்டியது நேர் எதிரே இருப்பதை அல்ல. கண்ணாடியின் ஓரத்திலும் பக்கக் கண்ணாடியிலும்தான் எதிர் வண்டி முதலில் தெரியும்.

சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது

விடுதி ஊழியர் அன்போடு ஒரு கெட்டில் வெந்நீர் கொண்டுவருவார். வாங்கிக் குளித்துக்கொள்ளுங்கள், கண்ணாடியில் ஊற்றாதீர்கள்.

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. வெந்நீர் பட்ட இடம் சட்டென்று விரியும். பக்கத்து இடம் உறைநிலையிலேயே இருக்கும். அந்த இழுபறியில் விரிசல் ஓடும். டிப்பர் லாரியின் பின்னால் போனபோது ஜல்லி தெறித்து ஒரு புள்ளி விழுந்திருந்தால், விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். கண்ணாடி தப்பினாலும் ஓடிய நீர் வைப்பரின் அடியிலும் கதவு ரப்பரிலும் போய் உறையும். வெதுவெதுப்பான தண்ணீருக்கும் இதே பதில்தான்.

உள் ஆவி: ஏறும்போது வரும் தொல்லை

விடியுமுன் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஜீப்பைப் பாருங்கள். தார்ப்பாய் நாலு பக்கமும் இறங்கியிருக்கும். உள்ளே தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, தோளோடு தோள் இடித்து ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். முந்தல் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் கண்ணாடி வெளுக்கத் தொடங்கும். டிரைவர் வலது கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இடது கையால் பனியன் துணியைத் தேய்ப்பார். அடுத்த வளைவு வருவதற்குள் மறுபடி வெளுத்துவிடும். இத்தனை பேரின் மூச்சு உள்ளேயே நிற்கும்வரை எத்தனை தடவை துடைத்தாலும் பலனில்லை. ஈரக்காற்றுக்கு வெளியே போக வழி வேண்டும்.

*ஏசி உள்ள காரில்*

1. காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள்.
2. உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அதை எப்போதும் போட்டே வைத்துப் பழகியிருப்போம். மலையில் ஆவிக்கு முதல் காரணம் அதுதான்.
3. ஏசியைப் போடுங்கள். குளிரில் எதற்கு ஏசி என்று தோன்றும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்துவிடும். கூடவே சூட்டுத் திருகையும் கூட்டினால் உலர்ந்த வெதுவெதுப்பான காற்று வரும். உறைநிலையை ஒட்டிய குளிரில் பல கார்களில் ஏசி கம்ப்ரஸர் ஓடாது. அப்போது வெளிக்காற்றும் சூடும் மட்டுமே துணை.
4. இரண்டு பக்கக் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்குங்கள்.

*ஏசி இல்லாத ஜீப்பில்*

1. தார்ப்பாயின் பின்பக்கத்தைக் கொஞ்சம் மடித்துக் கட்டுங்கள்; முன்கதவுப் படுதாவிலும் ஓர் இடைவெளி விடுங்கள். காற்று முன்னால் நுழைந்து பின்னால் போக வேண்டும்.
2. துடைக்கும் வேலையை முன்சீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள். டிரைவரின் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலும் கியரிலும் இருக்கட்டும்.
3. உள்ளங்கையால் துடைக்காதீர்கள். கையின் எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் ஆவி இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டும்.

*ஆவி வராமலிருக்க*

வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வெளிவரும் ஆவி, கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படியும். டாஷ்போர்டுப் பிள்ளையாருக்குக் கொளுத்தும் ஊதுபத்திப் புகையும் அதோடு சேரும். கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் சேர்ந்த இந்தப் படலம்தான் போடிமெட்டுக் குளிரில் ஈரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மலைப்பயணத்துக்கு முந்தின நாள் உள்பக்கத்தை லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வேறொரு உலர்ந்த துணியால் பளபளப்பாகும்வரை தேய்த்துவிடுங்கள். இருபது ரூபாய்கூடச் செலவில்லாத இந்த வேலைக்கு ஈடான மருந்து கடையில் இல்லை.

ஏசி போட்டும் மங்குகிறதா? வெளிப்பக்கத்தைப் பாருங்கள்

மழைக்கால இரவில் குளிர்ந்த ஏசிக் காற்று நேராகக் கண்ணாடியில் அடித்தால், வெளிக்காற்றின் ஈரம் கண்ணாடியின் வெளிப்பக்கம் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒருமுறை ஓட்டுங்கள், காற்றைக் கண்ணாடியிலிருந்து கால் பக்கம் திருப்புங்கள், குளிரைக் குறையுங்கள்.

கைவைத்தியங்கள்: எது பலிக்கும், எது பலிக்காது

- புகையிலை தேய்ப்பது: வைப்பர் வேலை செய்யாத காலத்து லாரி டிரைவர்கள் மழைக்குச் செய்தது. உறைபனிக்குப் பயனில்லை, கறைதான் மிஞ்சும்.
- ஷாம்பு: ஒரு சொட்டை உள்பக்கம் தடவி, காய்ந்ததும் உலர்ந்த துணியால் நன்றாகத் தேய்த்தெடுத்தால் ஆவி சில மணிநேரம் மட்டுப்படும். அதிகம் தடவினால் இரவில் எதிர்விளக்கில் கண் கூசும். பகலில் சோதித்துப் பாருங்கள்.
- உப்பு: பனியைக் கரைக்கும், தகரத்தையும் தின்னும். பானெட்டிலும் வைப்பர் இணைப்பிலும் துரு பிடிக்கும். வேண்டாம்.
- மண்ணெண்ணெய், டீசல்: எண்ணெய்ப்படலம் விடும், ரப்பரைக் கெடுக்கும், தீப்பிடிக்கும். தொடாதீர்கள்.
- கரண்டி, பிளேடு, கத்தி: பனி போகும், கீறல் போகாது.

வளைவில் திடீரென்று கண் மறைந்தால்

போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேகம் இறங்கினால் ஒரு வளைவில் வெயிலும் அடுத்த வளைவில் வெள்ளையுமாக இருக்கும்.

1. சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள். பின்னால் வருபவருக்கும் பார்வை இல்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறையுங்கள்.
2. தாழ்ந்த ஒளி விளக்கும், பனிவிளக்கு இருந்தால் அதுவும் போடுங்கள். உயர்ந்த ஒளி மூடுபனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.
3. முன்கண்ணாடிக்குக் காற்று, ஏசி, பக்கக் கண்ணாடியில் ஒரு விரல் இடைவெளி, வைப்பர். நான்கையும் தேடாமல் போடப் பழகியிருங்கள். அடிவாரத்தில் நிற்கும்போதே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.
4. வளைவில் நிற்காதீர்கள். வளைவு தாண்டி அகலமான இடம் வந்ததும் ஒதுங்குங்கள். நின்ற பிறகு நான்கு விளக்குகளையும் மினுக்கவிடுங்கள். ஓடும்போது மினுக்கினால் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பிறருக்குத் தெரியாது.
5. இறங்கும்போது, ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன.
6. துடைக்க இறங்குவதற்கு முன் சுற்றிலும் பாருங்கள், காது கொடுங்கள். பூப்பாறை, சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், மே 27 அன்று கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றதை நம் பக்கத்தார் மறக்க மாட்டார்கள். மூடுபனியில் பத்தடி தூரத்து யானையும் தெரியாது. சந்தேகமிருந்தால் இறங்காமல் உள்ளிருந்தே ஏசியால் சரிசெய்து, டீக்கடையோ சோதனைச்சாவடியோ உள்ள இடம்வரை மெதுவாகப் போய் நிறுத்துங்கள்.

டொராண்டோ, லண்டன் போகும் பிள்ளைகளுக்கு

நம் மலையில் விழுவது சுரண்டினால் தூளாகும் பனி. கனடாவில் அது கட்டியாகப் படியும். ஏடிஎம் அட்டை உடைந்துபோகும். நீளக் கைப்பிடியுள்ள தூரிகையும் சுரண்டியும் வாங்குங்கள்.

- கூரையிலுள்ள பனியை முதலில் தள்ளுங்கள்; கண்ணாடி பிறகு. மாற்றிச் செய்தால், முதல் பிரேக்கிலேயே கூரைப்பனி சரிந்து முன்கண்ணாடியை மூடும்.
- வாஷரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கனடாவில் மைனஸ் 40 டிகிரி வரை உறையாத திரவம் பெட்ரோல் நிலையத்திலேயே கிடைக்கும். அங்கே விற்பதில் பெரும்பாலும் மெத்தனால் இருக்கும், கொடிய விஷம். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.
- பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பில் 229-வது விதி, கிளம்புமுன் எல்லாக் கண்ணாடிகளிலும் பனியை முழுதாக அகற்றச் சொல்கிறது. துளை போட்டுப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் அபராதம் வரும். ஜெர்மனியில் நின்ற இடத்தில் எஞ்சினை வீணாக ஓடவிட்டுச் சூடேற்றுவதற்கே தடை உண்டு.
- எஞ்சினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்க வீட்டுக்குள் போகாதீர்கள். வண்டித் திருடர்கள் காத்திருப்பது அதற்குத்தான்.

கிளம்புமுன் ஏழு கேள்விகள்

1. முன்கண்ணாடி ஓரத்திலிருந்து ஓரம்வரை தெளிவா?
2. பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் தெளிவா?
3. வைப்பர் இரண்டும் தடையின்றி ஓடுகிறதா?
4. விளக்குகள் துடைத்தாயிற்றா?
5. உள்காற்றுச் சுழற்சி அணைந்திருக்கிறதா?
6. செருப்பு உலர்ந்ததா?
7. சக்கரத்துக்குக் கொடுத்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாயிற்றா?

ஏழில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் கியர் போடாதீர்கள். கடைசிக் கேள்வியை இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்: நடுரோட்டில் விட்டுவந்த கல் அடுத்து பைக்கில் வருபவரைக் கவிழ்த்துவிடும்.